16 வீல் ஸ்டட்டையும் மாற்றிய பிறகு என் மொரிஸ் மைனர்

பதுளையில் இருக்கிற மாமா மகன் போன வாரம் போன் பண்ணி, "மச்சான், இங்க ஒரு மைனர் விலைக்கு வருது, எடுக்கலாமா?" என்று கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் என் வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கியிருந்தேன், கையில் கிரீஸ் கூடப் போகவில்லை. போனில் பாதிதான் சொன்னேன். மீதி இது.

என்னுடையது 1098 சிசி எஞ்சின் போட்ட பழைய இங்கிலீஷ் கார், ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர், 15 வருடமாக என்னிடம் இருக்கிறது. எஞ்சினைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, கொட்டகலையிலிருந்து நுவரெலியாவுக்கு எத்தனை மழையிலும் மூச்சு வாங்காமல் ஏறியிருக்கிறது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, பழைய கார் விலையெல்லாம் ஏறின காலத்தில் விற்கச் சொல்லிப் பலர் கேட்டார்கள், மனம் வரவில்லை. என் கோபமெல்லாம் சுண்டுவிரல் தடிப்பு கூட இல்லாத அந்த வீல் ஸ்டட் மேல்தான், அதாவது சக்கரத்தை மாட்டி நட் இறுக்குகிற புரி போட்ட கம்பி.

டவுனில் ஒரு கடையில் நாலு டயரும் மாற்றினேன். லொறி நட் இறுக்குகிற அதே ஏர் கன்னை வைத்து 3/8 அங்குல ஸ்டட்டில் ஓங்கி அடித்தார்கள், நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு மாதம் கழித்து கினிகத்தேனை இறக்கத்தில், பின்பக்கம் இடது சக்கரத்திலிருந்து டக் டக் என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் ஒரு ஸ்டட் நட்டோடு முறிந்து போய்விட்டது, பக்கத்து நட் விரலால் சுற்றுகிறது. ஒரு சக்கரத்துக்கு 4தான், அதில் 2 போனால் என்ன மிச்சம்? கடையில் போய்ச் சொன்னபோது "பழைய வண்டி அண்ணே" என்றார்கள். நியாயத்தையும் சொல்ல வேண்டும்: முறிந்த முகம் பாதி துருவேறிக் கறுத்து, பாதி பளபளவென்று இருந்தது. கறுத்த பாதி பழைய வெடிப்பு, ஆகவே முழுப் பழியையும் அந்தக் கடை மேல் போட முடியாது. ஆனாலும் அந்த ஏர் கன்னை இன்னொரு தரம் என் வண்டிப் பக்கம் விடமாட்டேன்.

அவசரத்துக்கு லேத்தில் ஒன்று கடைந்து போட்டோம், அதுதான் பெரிய தவறு. சாதாரண இரும்பு. நட்டைச் சுற்றச் சுற்ற இறுக்கமே வரவில்லை, ஏனென்றால் ஸ்டட்டே நீண்டுகொண்டு போகிறது. வீல் ஸ்டட் ஹை டென்சில், அதாவது இழுத்தாலும் எளிதில் நீளாத உறுதியான இரும்பாகத்தான் இருக்க வேண்டும். பிறகு கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போனேன். ஒரு கடையில் "இதுதான் அது" என்று 10 மில்லிமீட்டர் நட் ஒரு பை நிறையக் கொடுத்தார்கள். 3/8 என்றால் ஒன்பதரை மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 புரி. 10 மில்லிமீட்டர் நட் அதில் லூசாக ஏறி, இரண்டு மூன்று சுற்றில் புரி மாட்டி நிற்கும், இறுகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மலையிறங்கினால் கதை முடிந்தது. நாலாவது கடையில்தான் சரியானது கிடைத்தது. 16ம் வாங்கினேன், ஏனென்றால் ஒன்று முறிந்த சக்கரத்தில் மற்ற மூன்றும் அதன் பாரத்தைத் தாங்கியிருக்கும், அவற்றை நம்பக்கூடாது, மற்ற சக்கரங்களிலும் அதே ஏர் கன்தான் அடித்திருந்தது.

வேலையைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் கராஜில் பலர் சுத்தியலோடுதான் வருகிறார்கள். பிரேக் டிரம்மைப் பிடித்திருப்பது இரண்டே ஸ்குரூ, அது துருப்பிடித்து ஒரு மத்தியானத்தைத் தின்றுவிடும். டிரம் கழன்றாலும் ஸ்டட் வராது, பின்னால் பிரேக் பிளேட் மறிக்கிறது, ஸ்டட் பதித்திருக்கிற நடுப்பகுதியான ஹப்பையே கழற்ற வேண்டும். பின்பக்கம் என்றால் ஆக்சில் ஷாஃப்ட்டையும் உருவ வேண்டும், உருவினால் கேஸ்கட்டும் ஆயில் சீலும் புதிதாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் கசிந்து பிரேக் ஷூவை நனைக்கும். முன்பக்கத்தில் ஜப்பான் கார் பழக்கத்தில் ஹப் நட்டை இறுக்கிவிட்டுக் கொஞ்சம் தளர்த்தப் பார்த்தார் எங்கள் மெக்கானிக் பாஸ். இது கூம்பு உருளை போட்ட டேப்பர் பேரிங் இல்லை, நடுவில் ஸ்பேசர் என்கிற இடைக்குழாய் வைத்த, குண்டு போட்ட பால் பேரிங், முழுசாக இறுக்கத்தான் வேண்டும். சொன்னதும் கேட்டுக்கொண்டார், நல்ல மனிதர். பழைய ஸ்டட்டைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளினோம். அந்த லேத் ஸ்டட் இருந்த துளை மட்டும் லேசாகப் பெருத்திருந்தது, பின்னால் ஒரு வெல்டிங் பொட்டு வைப்போமா என்றார். வேண்டாம் என்றேன். அந்தச் சூட்டில் ஹை டென்சில் இரும்பு நொறுங்கும் பக்குவத்துக்குப் போய்விடும். புதிய ஸ்டட்டில் துளையைக் கவ்வுகிற பல்லை வெர்னியர் அளவுகோலில் அளந்து, இருந்ததில் தடித்த ஒன்றைத் தேடி அந்தத் துளையில் போட்டோம், இறுக்கமாகத்தான் உட்கார்ந்தது. ஹப், டிரம் இரண்டு முகத்திலும் துருவைச் சுரண்டினோம், வீலில் நட் உட்காரும் இடத்தில் நான் ஆசையாக அடித்திருந்த பெயின்டையும் சுரண்டினோம். பெயின்ட் நசுங்கினால் நட் தளரும்.

இப்போது வண்டி ஓடுகிற சுகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஸ்டியரிங்கில் இருந்த சின்ன நடுக்கம், இத்தனை வருடமும் டயர் என்று நினைத்திருந்தேன், அது போய்விட்டது. இறம்பொடை இறக்கத்தில் பிரேக் நேராகப் பிடிக்கிறது. இந்த மாதிரி ஒரு வண்டி இனி யாரும் செய்யப் போவதில்லை.

நேற்று 80 கிலோமீட்டர் ஓடிய பிறகு கை ஸ்பானரோடு எல்லா நட்டையும் திரும்ப இறுக்கினேன். 15 நட் அசையவில்லை. ஒன்று மட்டும் கால் சுற்றுப் போனது, இடது பின்பக்கம், அதே துளை. ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லை, அந்த ஹப்பையே மாற்றப் போகிறேன்.

அதனால் மச்சான், அந்த மைனரை எடுக்காதே. எடுத்துவிட்டாய் என்றால், ஹப் புல்லர் என் வீட்டில் இருக்கிறது, காசு கொடுத்து வாங்காமல் வந்து எடுத்துக்கொண்டு போ.