பனியா, புகையா? மலையகத்தில் காற்றுமானியைச் சரிபார்க்க ஐந்து வழிகள்

பின்னேரம் மூன்று மணி. மலையிலிருந்து பின்னேரக் கொழுந்து இன்னும் இறங்கவில்லை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் ஓர் அடுப்பும் எரியவில்லை. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் வீட்டு முன் இஸ்தோப்புத் தூணில் நான் கட்டிவைத்திருந்த, காற்றில் எவ்வளவு தூசியும் புகையும் என்று அளக்கும் காற்றுமானி மட்டும் ஊரே தீப்பற்றியதுபோல சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தது. எதிரே தேயிலை மலையும் தெரியவில்லை, ரோட்டும் தெரியவில்லை. மூட்டம் இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

"என்னா சேர், பனியையும் பொகைனு சொல்லுதா ஒங்க மிசினு?" என்று பக்கத்துக் காம்பிரா அக்கா கேட்டார். அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான் இந்த அலசல் முழுவதும். மலையகத்தில் காற்றுமானியை அளவுதிருத்துவது என்றால், முதலில் அதற்குப் பனியையும் புகையையும் பிரித்துக் காட்டிக்கொடுக்க வேண்டும். எந்த வழி அதை எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறது என்பதை வைத்தே ஒவ்வொன்றையும் எடைபோடுகிறேன்.

கருவி ஏன் ஏமாறுகிறது என்பது முதலில். பிஎம்எஸ் 5003 போன்ற மலிவான உணரிக்குள் சின்ன விசிறி ஒன்று காற்றை இழுக்கும். லேசர் ஒளி அதன்மேல் விழும். துணிக்கைகள் சிதறடிக்கும் ஒளியை அளந்து, "இவ்வளவு ஒளி சிதறினால் இவ்வளவு எடை" என்று கணக்குப் போட்டு எண் சொல்லும். அது எதையும் நிறுப்பதில்லை. சாரீரப்பதன், அதாவது காற்றின் ஈரப்பதன் சதவீதம், ஏற ஏறத் துணிக்கைகள் நீரை உறிஞ்சி ஊதுகின்றன, ஊதியவை கூடுதலாக ஒளியைச் சிதறடிக்கின்றன. மூட்டம் நேரடியாக உள்ளே புகுந்தாலோ பனித்துளியே துணிக்கையாக எண்ணப்படுகிறது.

ஆனால் பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்கிரோமீற்றருக்கு மேற்படாத நுண்துணிக்கைகளின் அளவு, வரைவிலக்கணப்படி ஏறக்குறைய உலர்ந்த எடை. தூசி பிடித்த வடிதாளை நிறுக்கும் ஆய்வுகூடம் முதலில் அதை 30 முதல் 40 சதவீத ஈரப்பதனில் ஒரு நாள் வைத்துவிட்டுத்தான் தராசில் போடும். ஆகவே நீரைக் கழிப்பது தரவைத் திருத்தி ஏமாற்றுகிற வேலை இல்லை. கழிக்காமல் விடுவதுதான் பிழை.

இலங்கையின் 2008ஆம் ஆண்டு வர்த்தமானிப்படி பிஎம் 2.5க்கு 24 மணித்தியாலச் சராசரி எல்லை கனமீற்றருக்கு 50 மைக்கிரோகிராம், ஆண்டுச் சராசரி 25. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது முறையே 15, 5. கருவி நாள் முழுவதும் 60 என்று காட்டினால் அது சட்ட எல்லையை மீறிய நாளா, வெறும் பனி நாளா? இரண்டுக்கும் இடையே தோட்ட நிர்வாகத்திடம் போய்ப் பேசுவதா வேண்டாமா என்கிற முடிவு தொங்குகிறது.

பெட்டியில் வந்தபடியே நம்புவது

இதில் அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. தொழிற்சாலையில் செய்த அளவுதிருத்தம், அங்கே பயன்படுத்திய துணிக்கைக்குத்தான் சரி. சென்சிரியன் எஸ்பிஎஸ் 30 உணரியைப் பொட்டாசியம் குளோரைட்டுத் துணிக்கைகளை வைத்துச் சரிபார்த்து அனுப்புகிறார்கள். உப்புக்குச் சரியாக இருப்பது, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளையான மிலாறின் புகைக்கும் சரியாக இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. ஆனாலும் இரண்டில் ஒன்றை வாங்குவதானால் எஸ்பிஎஸ் 30ஐத்தான் வாங்குவேன். விலை கூட, ஆனால் தன் விசிறியைத் தானே வேகமாகச் சுழற்றிக் கிழமைக்கு ஒருமுறை தூசி தட்டிக்கொள்கிறது, ஆயுளும் அதிகம். பிஎம்எஸ் 5003இல் இன்னொரு குழப்பம்: ஒரே அளவீட்டுக்கு இரண்டு எண்கள் தரும், தொழிற்சாலை நிலைக்கு ஒன்று, வெளிக்காற்றுக்கு ஒன்று. காற்று சுத்தமாக இருக்கையில் இரண்டும் ஒன்றே, புகை கூடும்போது விலகும். எதைப் பதிவுசெய்கிறோம் என்று குறித்துவைக்காமல் ஆறு மாதம் தரவு சேர்த்து அழுதவன் நான்.

சமன்பாடு போட்டுத் திருத்துவது

காசு செலவில்லாத வழி, அதனாலேயே எல்லோரும் முதலில் பிடிக்கிற வழி. இரண்டு சமன்பாடுகள் பரவலாகப் புழங்குகின்றன.

முதலாவது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் பேர்பிள்எயர் என்ற மலிவான காற்றுமானிக்காகத் தந்தது. கருவியின் எண்ணை 0.524 ஆல் பெருக்கி, சாரீரப்பதனை 0.0862 ஆல் பெருக்கி அதில் கழித்து, 5.75ஐக் கூட்ட வேண்டும். இரண்டாவது துணிக்கை நீரை உறிஞ்சும் இயல்பிலிருந்து வருவது. கப்பா என்று ஓர் எண், அது எவ்வளவு பெரிதோ துணிக்கை அவ்வளவு "தாகம்" கொண்டது. கப்பாவை 1.65 ஆல் வகுத்து, ஈரப்பதனுக்கும் நூறில் மீதியான வரட்சிக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் வருகிற எண்ணால் கருவியின் அளவீட்டை வகுக்க வேண்டும்.

காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். கருவி 60 காட்டுகிறது, சாரீரப்பதன் 70 சதவீதம். முதல் சமன்பாடு 31 என்கிறது. இரண்டாவது, கப்பாவை 0.4 என்று எடுத்தால், 38 என்கிறது. பரவாயில்லை, ஒரே குடும்பத்துச் சண்டைதான். இப்போது ஈரப்பதனை மட்டும் 95 ஆக்குங்கள். முதலாவது 29. இரண்டாவது 11! அதே இரண்டாவதில் கப்பாவை 0.1 என்று மாற்றினால் 28.

கப்பா 0.4 என்பது சல்பேற்று அதிகமாகக் கலந்த துணிக்கைக்கு ஏறக்குறைய பொருந்தும். விறகுப் புகைக்கு அது மிகவும் குறைவு, 0.1 அளவில். ஆக, கவ்வாத்து வெட்டிய மிலாறை அடுப்பில் எரிக்கும் லயத்துக்கும், லொறிகள் ஏறி இறங்கும் ஹட்டன் பாதைக்கும் ஒரே கப்பா போட முடியாது. எந்தப் புகை என்று தெரிந்தால்தான் சமன்பாடு வேலை செய்யும். எந்தப் புகை என்று தெரிவதற்குத்தான் நாம் கருவியே வைத்தோம்.

ஈரப்பதன் 98, 99க்கு ஏறும்போது இரண்டாவது சமன்பாடு கைவிட்டுவிடுகிறது. வகுக்கும் எண் தறிகெட்டுப் பெருக்கிறது, ஈரப்பதன் உணரியின் சின்னப் பிழைகூட விடையைத் தலைகீழாக்குகிறது. முதலாவதற்கு வேறொரு கண்ணி. அது பேர்பிள்எயர் பெட்டிக்குள்ளேயே இருக்கும் ஈரப்பதன் உணரியை வைத்து உருவானது. பெட்டிக்குள் மின்சுற்றின் சூட்டில் காற்று வெளியைவிட வெப்பமாக, வரட்சியாக இருக்கும். நீங்கள் வெளியே தனியாக வைத்த மானியின் எண்ணை அந்தச் சமன்பாட்டில் போட்டால் தேவைக்கு மேல் கழிபடும்.

சமன்பாடு எனக்குப் பிடிக்காது என்று அர்த்தமில்லை. பண்டாரவளைப் பக்கம் யூலை, ஓகஸ்டில் கச்சான் காற்று வீசும்போது, காய்ந்த அந்த நாட்களுக்கு இது தாராளமாகப் போதும். அதே மாதங்களில் மேற்குச் சரிவில், ஹட்டனிலும் தலவாக்கலையிலும், தென்மேற்குப் பருவமழை மூட்டத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும். ஒரே மலைநாடு, ஒரே மாதம், இரண்டு வெவ்வேறு ஆய்வுகூடங்கள்.

கீழே கொண்டுபோய்ப் பெரிய கருவியோடு ஒப்பிடுவது

புத்தக முறை இதுதான். கண்டி போன்ற நகரத்துக்கு இறங்கி, தரமான பீட்டாக் கருவிக்குப் பக்கத்தில் நம் கருவியைச் சில கிழமைகள் வைத்து, இரண்டின் மணித்தியால எண்களையும் வரைபில் போட்டு, சாய்வையும் வெட்டுப்புள்ளியையும் எடுத்துக்கொள்வது. அந்தப் பெரிய கருவி காபன் 14இலிருந்து வரும் பீட்டாக் கதிர் கண்ணாடிநார் நாடாவில் படிந்த தூசியால் எவ்வளவு தடுபடுகிறது என்று பார்த்து எடை சொல்கிறது. உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி உலர்த்திவிட்டுத்தான் அளக்கிறது. இதை நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

மலையிலிருந்து பார்த்தால் இந்த வழியின் பலம் நேர்மை. தரமான கருவியோடு மோதவிட்டால் செத்த உணரி அங்கேயே மாட்டிக்கொள்ளும். பலவீனம், நம் கருவி அங்கே நகரத்துப் பாடத்தைப் படித்துவிட்டு வருகிறது. கண்டி மலைகளால் சூழப்பட்ட கிண்ணம். அந்தக் கிண்ணத்தில் தேங்குவது பெரும்பாலும் வாகனப் புகை. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், குளிர், பனி, விறகு. கண்டியில் படித்த சாய்வைக் கொண்டுவந்து இங்கே போடுவது, கண்டிச் சந்தைத் தராசால் தோட்டத்துக் கொழுந்தை நிறுப்பது மாதிரி இல்லை, அதைவிட மோசம். தராசாவது இடம் மாறினால் பொய் சொல்லாது.

வெளிநாட்டுத் தூதரகத் தரவைத் தூரத்திலிருந்து எடுத்து ஒப்பிடுகிற பழக்கமும் இருந்தது. அமெரிக்கத் தூதரகங்கள் 2025 மார்ச்சில் காற்றுத் தரவைப் பகிர்வதை நிறுத்தியதோடு அந்தக் கதை முடிந்தது. மலையகத்துக்கு அது எப்போதும் பெரிதாக உதவியதில்லை என்பதால் நான் அழவில்லை.

இடையில் ஊதுபத்தி முறை பற்றி ஒரு சொல். மூன்று நான்கு உணரிகளை ஒரே அட்டைப்பெட்டிக்குள் வைத்து, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் புகையேற்றி, எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றனவா என்று பார்ப்பது. உண்மை எண் எது என்று இது சொல்லாது. எந்த உணரி கூட்டத்திலிருந்து விலகுகிறது என்று மட்டும் சொல்லும். அதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை செய்கிறேன், வீட்டிலும் யாரும் குறை சொல்வதில்லை.

வடிதாளில் பிடித்து நிறுப்பது

உண்மையாகவே எடையை நிறுக்கும் வழி இது ஒன்றுதான். நிமிடத்துக்கு 16.67 லீற்றர் இழுக்கும் பம்பை ஒரு நாள் ஓடவிட்டால் 24 கனமீற்றர் காற்று 47 மில்லிமீற்றர் டெஃப்லோன் தாள் வழியே போகும். காற்றில் 20 மைக்கிரோகிராம் இருந்தால் தாளில் சேர்வது 480 மைக்கிரோகிராம், அரை மில்லிகிராம்கூட இல்லை. நிமிடத்துக்கு 2 லீற்றர் இழுக்கும் சின்னப் பம்பில் அதே காற்று 58 மைக்கிரோகிராம்தான் தரும். கையின் ஈரமும் நிலைமின்னும் சேர்ந்து நிறுவையில் 5 மைக்கிரோகிராம் தவறினால், பெரிய பம்பில் அது 1 சதவீதப் பிழை, சின்னதில் 9 சதவீதம். அப்படிப்பட்ட தராசு லயத்தில் இருக்காது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குத் தாளைக் கொண்டுபோக வேண்டும். கூடவே காற்றே இழுக்காத ஒரு வெற்றுத் தாளையும் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும், பயணத்தில் சேர்ந்ததைக் கழிக்க.

உயரம் இங்கே தனியாக ஒரு வம்பு செய்கிறது. நுவரெலியாவில் வளியமுக்கம் ஏறக்குறைய 810 ஹெக்டோபஸ்கால், கடல் மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்கு. உங்கள் பாய்ச்சல்மானி கடல் மட்டக் காற்றின் கணக்கில் 16.67 காட்டினால், அங்கே 16 பாகை குளிரில் பம்பு உண்மையில் இழுப்பது 20 லீற்றருக்குச் சற்று மேல். கனவளவு தவறும். அதோடு, பெரிய துணிக்கையைத் தடுத்துச் சின்னதை மட்டும் விடும் முன்வாயிலும் வேகம் கூடியதால் 2.5க்குக் கீழேயே வெட்டத் தொடங்கும். பாய்ச்சலை அந்த மலையிலேயே, அந்தக் குளிரிலேயே சரிபார்க்காமல் எடுத்த வடிதாள் தரவை நான் நம்புவதில்லை, எவ்வளவு பெரிய ஆய்வுகூடம் நிறுத்திருந்தாலும்.

தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்குள் மட்டும் வேறு வழியே இல்லை, வடிதாள்தான். சலிக்கும் அறையில் பறக்கும் தேயிலைப் பஞ்சுத்தூசி பருமனானது. பிஎம்எஸ் போன்ற உணரிகள் பருமனான தூசியைச் சரியாகக் காண்பதில்லை. பிஎம் 10 என்று திரையில் ஓர் எண் வரும், அது பெரும்பாலும் சின்னத் துணிக்கையிலிருந்து ஊகித்தது. அங்கே கருவியை மாட்டிவைத்து "காற்று நன்றாக இருக்கிறது" என்று சொல்வது வேலையாட்களுக்குச் செய்கிற அநியாயம்.

காற்றைச் சூடாக்கி உள்ளே விடுவது

பெரிய கருவி செய்வதை ஏன் சின்னக் கருவிக்கும் செய்யக்கூடாது? உள்வாங்கும் குழாயைச் சுற்றி ஒரு தடைக்கம்பி, சில வாற்று. 16 பாகையில் 98 சதவீத ஈரப்பதன் உள்ள காற்றை 5 பாகை சூடாக்கினால் ஈரப்பதன் 72க்கு இறங்கும், 8 பாகையில் 60, 10 பாகையில் 53. பனித்துளி குழாயிலேயே ஆவியாகிவிடும். சமன்பாடு கைவிட்ட இடத்தில் இது காப்பாற்றுகிறது, ஏனென்றால் இங்கே ஊகம் இல்லை, நீரை உண்மையாகவே விரட்டுகிறோம்.

குற்றமும் உண்டு. விறகுப் புகையில் சூட்டுக்கு ஆவியாகிப் போகும் சேதனப் பொருட்கள் இருக்கின்றன, சூடாக்கும்போது அவையும் ஓரளவு பறந்துவிடும். அதனால் 10 பாகைக்கு மேல் நான் போவதில்லை. ஒளிச்சிதறலிலிருந்து எடைக்கு மாற்றும் பெருக்கியும் இன்னும் தெரியாது, அதைச் சூடாக்கி தராது. அதற்கு வடிதாள் வேண்டும். ஆனால் உலர்ந்த காற்றுக்கு ஒரே ஒரு பெருக்கி கண்டுபிடித்தால் போதும். ஈரத்துக்கு ஏற்ப ஆடுகிற பெருக்கியைத் துரத்திப் பிடிக்கத் தேவையில்லை. பருவத்துக்கு ஐந்தாறு வடிதாள் நாட்கள், அவற்றில் பாதி மூட்ட நாட்கள், அதே இஸ்தோப்பில். கீழே கண்டியில் ஒரு மாதம் வைப்பதைவிட இது எனக்கு மேல்.

காசு சுத்தமாக இல்லாதவருக்கு என் பதில் வேறு: ஈரப்பதன் 85ஐத் தாண்டிய மணித்தியாலங்களைத் தூக்கி எறிந்துவிட்டு, மீதிக்கு அமெரிக்கச் சமன்பாட்டைப் போடுங்கள். ஓட்டை நிறைய விழும். அதிகாலை நான்கரைக்கு அடுப்பு மூட்டும் நேரமும் பனி நேரமும் ஒன்றாக வருவதால், பார்க்க வேண்டிய மணித்தியாலமே ஓட்டையில் போகும். அதைச் சொல்லிவிட்டுத்தான் எண்ணைக் காட்ட வேண்டும்.

இப்போது அதே தூணில் இரண்டு பெட்டி கட்டியிருக்கிறேன், ஒன்று சூடாக்கியோடு, ஒன்று வெறுமனே. மூட்டம் இறங்கும் பின்னேரங்களில் வெறும் பெட்டி சிவப்புக்குப் போகும், சூட்டுப்பெட்டி பச்சையில் நிற்கும். மாலை அடுப்பு மூண்டதும் இரண்டும் சேர்ந்து ஏறும். அக்கா இப்போது இரண்டையும் பார்த்துவிட்டு, "இது பனி, இது பொக" என்று எனக்கு முன்னே சொல்லிவிடுகிறார். கரண்ட் போனால் மட்டும் சூடாக்கி அணைந்து, பட்டரியில் ஓடும் இரண்டு உணரிகளும் ஒரே எண்ணைக் காட்டத் தொடங்கும். அந்த மணித்தியாலங்களைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிடுகிறேன்.