கட்டை, ஸ்கிரீன், டிஜிட்டல்: எந்த டிசைனுக்கு எந்த அச்சு?

இந்த சீசனில் என்ன டிசைன் ஓடுகிறது என்றுதான் துணி வாங்குபவரும் கேட்கிறார், டிசைன் வரைபவரும் கேட்கிறார். பெரிய பூவா, புள்ளியா, சிறுத்தைத் தோலா, கட்டமா? அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன்: அந்த வடிவம் எந்த வழியில் துணியில் ஏறப்போகிறது? ஒரே பூவை மரக்கட்டையில் அடித்தால் ஒரு துணி, ஸ்கிரீனில் இழுத்தால் வேறு துணி, இங்க்ஜெட்டில் தெளித்தால் மூன்றாவது ஒரு துணி. டிசைன் பழசாகிப்போவதற்குப் பாதிக் காரணம் ரசனை மாறுவது. மீதிப் பாதி, அந்த டிசைனைத் தனக்கு ஒத்துவராத முறையில் அச்சிட்டது.

ஆகவே மூன்று முறைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். தொடங்க வேண்டிய இடம் ரிபீட், அதாவது ஒரு வடிவம் முடிந்து மறுபடி தொடங்கும் அளவு.

ரிபீட்: மூன்றும் பிரியும் இடம்

மரக்கட்டையைக் கையால் தூக்கி, சாயத்தட்டில் ஒற்றி, துணியில் வைத்து மேலே தட்ட வேண்டும். நாள் முழுக்கத் தூக்கக்கூடிய எடைக்கு மேல் கட்டை போக முடியாது. அதனால்தான் கட்டை அச்சின் உலகம் சின்னப் பூ, கொடி, கரை, வலைப்பின்னல் என்று அமைந்தது. வெளிக்கோட்டுக்கு ஒரு கட்டை, உள்நிரப்பலுக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று. பெரிய டிசைன் முடியாது என்றில்லை. ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் 1883-இல் அச்சிட்ட 'ஸ்ட்ராபெர்ரி தீஃப்' துணியைப் பாருங்கள். முழுத் துணியையும் அவுரியில் தோய்த்து, வேண்டிய இடங்களில் நீலத்தை வெளுத்தெடுத்து, அங்கே சிவப்பும் மஞ்சளும் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். ஒரு நீளத் துணி முடியப் பல நாள் பிடித்தது. பறவைகளும் பழங்களும் நெருங்கி நிற்கும் அந்தத் துணியில், ரிபீட் எங்கே முடிகிறது என்று கண் தேடுவதே இல்லை.

ஸ்கிரீன் என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி. வடிவத்துக்குரிய இடங்களில் மட்டும் சாயப்பசை அதன் வழியே துணியில் இறங்கும். தட்டையான ஸ்கிரீனில் சட்டம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய வடிவம் போடலாம். ஃபின்லாந்தின் மரிமெக்கோ துணி நிறுவனத்தை நடத்திய அர்மி ராத்தியா பூ டிசைன்களே வேண்டாம் என்று சொல்லியிருந்த காலம் அது. அங்கே டிசைன் வரைந்த மையா இசோலா அதை மீறி 1964-இல் 'உனிக்கோ'வை வரைந்தார். தட்டைத் தட்டையான நிறத்தில், இதழ் நரம்பு எதுவும் இல்லாமல், பெரும் பெரும் பூக்கள். ஸ்கிரீன் எதைச் செய்யுமோ அதை மட்டுமே கேட்ட டிசைன் அது. ஃபேஷன் எத்தனையோ முறை புரண்ட பிறகும் இன்றுவரை அச்சாகிக்கொண்டிருக்கிறது.

சுழலும் ஸ்கிரீன், அதாவது ரோட்டரி, வேறு கணக்கு. நெதர்லாந்தின் ஸ்டோர்க் நிறுவனம் 1963-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நிக்கல் உருளைக்குள்ளிருந்து சாயப்பசை வெளியே தள்ளப்படும், துணி நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். வழக்கமான உருளையின் சுற்றளவு 64 செ.மீ. எனவே ரிபீட் 64, 32, 16 என்று அதற்குள் மிச்சமில்லாமல் அடங்க வேண்டும். உலகில் நாம் உடுத்தும் பூப்போட்ட துணிகளில் ஏராளமானவை இந்த எண்ணுக்கு ஏற்றபடி வரையப்பட்டவை என்பது பலருக்குத் தெரியாது.

டிஜிட்டலுக்கு, அதாவது கணினிப் படத்தை மைத்துளிகளாகத் தெளிக்கும் இங்க்ஜெட்டுக்கு, இந்தக் கட்டு எதுவும் இல்லை. ரிபீட்டே இல்லாமல் மீட்டர் கணக்கில் ஒரே படமாக ஓடலாம். 2009 அக்டோபரில் பாரிஸில் பிரிட்டிஷ் ஆடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்வீன் காட்டிய 'பிளேட்டோஸ் அட்லாண்டிஸ்' தொகுப்பு இதன் வலிமையை உலகுக்கு நிரூபித்தது. ஊர்வனவற்றின் தோல் போன்ற அச்சுகள், உடலின் வளைவுக்கும் தையல் கோட்டுக்கும் பொருந்தும்படி கணினியில் அமைக்கப்பட்டிருந்தன. துணியை வெட்டி உடை செய்வதற்குப் பதில், உடையின் ஒவ்வொரு துண்டையும் மனத்தில் வைத்து அச்சிடும் முறை. கட்டையாலும் ரோட்டரியாலும் இதைத் தொடவே முடியாது.

ஆனால் இந்தச் சுதந்திரத்துக்கு உழைப்பு அதிகம். சிறிய அளவு உடைக்கு மார்பின் நடுவில் உட்காரும் பூ, பெரிய அளவில் இடம் தவறிப்போகும். ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக ஃபைல் தயாரிக்க வேண்டும். அந்த வேலைக்கு நேரம் ஒதுக்காமல் படத்தை இழுத்துப் பெரிதாக்கிவிடுகிற உடைகள்தான் டிஜிட்டலுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகின்றன.

நிறம், ஆழம், துணியின் மறுபக்கம்

நீர்வண்ண ஓவியம், புகைப்படம், ஒரு நிறம் இன்னொன்றில் கரையும் சாயல் எல்லாம் டிஜிட்டலின் இடம். அடிப்படை மைகள் சில, நுண்துளிகளாகக் கலந்து ஆயிரக்கணக்கான நிறங்களாகத் தெரிகின்றன. ஸ்கிரீனிலும் கட்டையிலும் ஒரு நிறம் கூடினால் ஒரு ஸ்கிரீனோ கட்டையோ கூடும், செலவும் கூடும்.

தட்டையான ஒரே நிறம் என்று வரும்போது நிலைமை தலைகீழ். அடர்ந்த கருநீலப் பின்னணியில் வெள்ளைப் புள்ளி வேண்டுமா, ஸ்கிரீனுக்குப் போங்கள். நிறத்தை முன்கூட்டியே கலந்து, பசையாகத் துணிக்குள் அழுத்துகிறார்கள். டிஜிட்டல் மை பெரும்பாலும் மேற்பரப்பிலேயே நிற்பதால் மறுபக்கம் வெளிறியிருக்கும். இழுபடும் பின்னலாடையில் இது இன்னும் மோசம்: துணி விரியும்போது வெள்ளை எட்டிப்பார்க்கும். துணி மேல் எழும்பி நிற்கும் பசை, மினுமினுப்புத் தாள், இழையை அரித்து ஒளி ஊடுருவச் செய்யும் அச்சு ஆகியவற்றுக்கும் ஸ்கிரீனே நல்லது.

'டிஜிட்டல் என்றால் சாயம் போகும்' என்ற பேச்சு மட்டும் தவறு. சாயம் நிற்பதைத் தீர்மானிப்பது முதலில் சாயமும் இழையும்தான். ரியாக்டிவ் சாயம் பருத்தியோடு வேதிப்பிணைப்பு கொள்கிறது. கட்டையில் வந்தாலும் இங்க்ஜெட்டில் வந்தாலும், நீராவி கொடுத்து ஒழுங்காக அலசியிருந்தால் நிற்கும். பிக்மென்ட், அதாவது நீரில் கரையாத நிறத்தூள், இழைக்குள் போவதில்லை, பிசின் பிடித்து மேலே உட்காருகிறது. தொட்டால் சற்று விறைப்பு, தேய்த்துத் துவைத்தால் நாளடைவில் மங்கல். சப்ளிமேஷன் சாயம் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில் ஆவியாகி பாலியஸ்டருக்குள் புகுந்துகொள்ளும். பாலியஸ்டரில் மிக உறுதி, வெறும் பருத்தியில் நிற்காது. எனவே கடையில் 'எந்த மெஷின்?' என்பதைவிட 'என்ன சாயம்?' என்று கேட்பது பயன்தரும்.

தண்ணீர்க் கணக்கிலும் இதே எச்சரிக்கை தேவை. சப்ளிமேஷனுக்கு அலசல் வேண்டியதில்லை. ஆனால் ரியாக்டிவ் டிஜிட்டலுக்கு நீராவியும் அலசலும் கட்டாயம். கைவேலை என்பதாலேயே கட்டை அச்சு தண்ணீரை மிச்சப்படுத்துவதும் இல்லை. கட்டை அச்சுத் துணியான அஜ்ரக் பலமுறை தண்ணீர் காண்கிறது, அந்தத் தண்ணீரின் குணம் நிறத்தையே மாற்றும். 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு குஜராத்தின் கட்ச் பகுதியிலுள்ள தமட்கா ஊரில் தண்ணீரில் இரும்பு கூடிப்போனது. அச்சுக் கலைஞர்கள் பலர் இடம்பெயர்ந்து அஜ்ரக்பூர் என்ற புது ஊரையே அமைத்தார்கள்.

போலிப் பிசகு

என்னை உண்மையிலேயே வருத்துவது ஒன்று. கைவேலைத் தோற்றம் எப்போதெல்லாம் ஃபேஷன் ஆகிறதோ, அப்போதெல்லாம் கட்டை அச்சின் சிறு விலகல்களையும் மெழுகால் மறைத்துச் சாயமேற்றும் பாத்திக்கின் மெழுகு வெடிப்புக் கோடுகளையும் ஸ்கேன் செய்து அப்படியே அச்சிடுகிறார்கள். கண்டுபிடிப்பது எளிது. ஒரு வெடிப்புக் கோட்டைக் கண்ணால் பிடித்து வைத்துக்கொண்டு துணியின் நீளத்தில் போங்கள். 64 செ.மீ. தள்ளி அதே கோடு அதே வளைவோடு வந்தால் அது ரோட்டரி. உண்மையான மெழுகு ஒரே மாதிரி இரண்டு முறை வெடிப்பதில்லை. கட்டையும் அப்படித்தான்: ஒவ்வொரு ஒற்றலிலும் அழுத்தம் மாறும், இணையும் இடத்தில் கோடு ஒரு நூல் அளவு தடிக்கும் அல்லது விலகும்.

கை விலகியதால் வந்த அடையாளத்தை, விலகவே முடியாத மெஷினில் பொய்யாக வரைவது இரண்டு முறைகளுக்கும் அவமரியாதை. சொந்த வலிமை இவ்வளவு இருக்கும் டிஜிட்டலுக்கு இந்த வேஷம் தேவையில்லை.

எந்த டிசைனுக்கு எது

சிறு பூக்கள் நெருங்கி நிறைந்த டிசைன் ஃபேஷனிலிருந்து முழுதாகப் போவதே இல்லை. கட்டையிலும் ரோட்டரியிலும் அருமையாக வரும். மடிப்பையும் தையலையும் மறைக்கும், வெட்டும்போது துணி வீணாகாது. பெரிய தட்டைப் பூவுக்குத் தட்டை ஸ்கிரீன். தூரிகைத் தடம் தெரியும் ஓவியப் பூவுக்கு டிஜிட்டல். சிறுத்தை அச்சு 1947-இல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோரின் முதல் தொகுப்பிலேயே இடம்பெற்றது. புள்ளிகளின் விளிம்பு மென்மையாகக் கலைந்திருக்க வேண்டுமானால் டிஜிட்டல், வரைகலை போலக் கறாராக இருக்க வேண்டுமானால் ரோட்டரி.

கண்ணை ஏய்க்கும் கறுப்பு வெள்ளைக் கோலங்களுக்கு ஸ்கிரீனைவிட நல்லது எதுவும் இல்லை, விளிம்பின் கூர்மைதான் அங்கே எல்லாம். 1965 வாக்கில் இத்தகைய கோலங்களை வரைந்த பிரிட்டிஷ் ஓவியர் பிரிட்ஜெட் ரைலியின் ஓவியங்களைப் பார்த்து உடைகள் குவிந்தபோது அவர் கொதித்துப்போனார். டிசைனர்கள் மறக்கக் கூடாத சம்பவம் அது. பிறர் கலையை எடுப்பது இன்று இன்னும் எளிதாகிவிட்டது.

கட்டத்துக்கும் கோட்டுக்கும் என் பரிந்துரை மூன்றிலும் சேராது: நெய்ததை வாங்குங்கள். அச்சிட்ட கட்டம் இழையோட்டத்திலிருந்து சற்றுச் சாய்ந்தாலும் உடை முழுக்கக் கோணும். நூலிலேயே நிறம் ஏற்றி நெய்த கட்டம் இழையோடேயே ஓடும்.

சில மீட்டர் மட்டும் தேவை, டிசைனைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் டிஜிட்டலைத் தயங்காமல் எடுக்கலாம், ஸ்கிரீன் செய்யும் செலவு இல்லை. ஆயிரக்கணக்கான மீட்டர், நான்கைந்து நிறம் என்றால் ரோட்டரியின் வேகத்தையும் அடர்த்தியையும் மற்றவை எட்டுவது கடினம். அடுத்த சீசனில் புழக்கத்திலிருந்து போய்விடக்கூடிய டிசைனைக் கட்டையில் செதுக்கச் சொல்லாதீர்கள், அந்த உழைப்பு பல வருடம் உடுத்தும் துணிக்கு உரியது. இப்போது பலரும் பழையது என்று ஒதுக்கும் தட்டை ஸ்கிரீனைத்தான் இளம் டிசைனர்களுக்கு முதலில் சொல்வேன். நிறங்களை மூன்றுக்குள் வைத்து, பெரிய ரிபீட் ஒன்றை வரைந்து பாருங்கள். எந்தக் கோடு இல்லாமலும் டிசைன் நிற்கிறது என்பது அங்கேதான் தெரியவரும்.