மூலிகை மடிநோய் டியூப் என்று வாங்கி ஏமாறாதீர்கள், 14,800 ரூபாய் போச்சு

சேலம் பக்கம் இயற்கை முறையில் மாடு வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஆன்டிபயாடிக் கலக்காத மடிநோய் டியூப் (காம்பு வழியாக மடிக்குள் ஏற்றுகிற மருந்து) என்று விளம்பரம் போட்டு விற்கிற ஒரு ஆன்லைன் கடையில் 14,800 ரூபாயைத் தொலைத்துவிட்டு வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

வாழப்பாடியில் என் ஜெர்சி கிராஸ் மாட்டுக்குப் பின்காம்பு ஒன்று இறுகிப்போய்ப் பால் திரிதிரியாக வந்தது. விளம்பர நம்பருக்குப் போட்டதும் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர் வீடியோ காலில் வந்து, "அண்ணா, முதல் பீச்சைக் கறுப்புத் துணியில விடுங்க, போனைக் கிட்ட காட்டுங்க" என்றார். துணியில் திப்பி தங்கியதைப் பார்த்துவிட்டு, கன்று போட்டு எத்தனை மாசம், மாடு படுக்கிற இடம் ஈரமா என்று கேட்டாரே, அதெல்லாம் தொழில் தெரிந்தவன் கேட்கிற கேள்வி. அங்கேதான் நம்பிக்கை வந்தது. "முழுக்க மூலிகை, பாலை அன்னைக்கே ஊத்தலாம்" என்றார். டியூப், பவுடர், ஸ்ப்ரே எல்லாம் சேர்த்து 14,800, முழுசும் முன்கூட்டியே.

வீக்கம் கொஞ்சம் வடிந்தது, அப்புறம் முன்னைவிட மோசமாகத் திரும்பியது. அதற்குள் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் பாலை வாங்குகிற கடைக்காரர் ஸ்ட்ரிப் போட்டுப் பார்த்து, ஆன்டிபயாடிக் எச்சம் இருக்கிறது என்று கேனோடு திருப்பிவிட்டார். அந்த டியூபைத் தவிர மடியில் நான் எதையும் ஏற்றவில்லை! பால் மாதிரியைக் கல்ச்சருக்குக் கொடுத்தால், கிருமி வளர்த்த தட்டில் மருந்து வில்லையைச் சுற்றித் தெளிவாக விழ வேண்டிய வட்டம் பல வில்லைகளுக்கு விழவே இல்லை, அதாவது அந்த மருந்துகளுக்கு இந்தக் கிருமி சாகாது. என்ன மருந்து என்றே தெரியாமல் அரைகுறையாக ஏற்றினால் அதற்குச் சாகாத கிருமிதான் மிஞ்சிப் பெருகும் என்றார் டாக்டர்.

டியூப் விற்ற ஆன்லைன் கடைக்குப் போன் போட்டால் முதலில் "பாலை ஒட்டக் கறக்கலை போல", அடுத்து "ஸ்ட்ரிப்பே தப்பாக் காட்டும்ணா", அப்புறம் "மெயில் போடுங்க". மெயிலுக்குப் பதில் இல்லை, நம்பரைப் பிளாக் செய்துவிட்டார்கள். 14,800 ரூபாய்! ஊற்றிக் கொட்டிய பால் கணக்கு தனி.

என்ன செய்யணும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. என்ன மருந்து, பேட்ச் நம்பர் என்ன என்று அச்சடிக்காத டியூபை மடியில் ஏற்றாதீர்கள். ஊசிக்கு முன்னால் பாலைக் கல்ச்சருக்குக் கொடுங்கள். மூலிகைதான் வேண்டும் என்றால் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50, சுண்ணாம்பு 15 அரைத்து மடிமேல் பூசுகிற முறை கால்நடைப் பல்கலைக்கழகமே சொல்வது, செலவு நூறு ரூபாய்கூட ஆகாது. காய்ச்சல் வந்து மாடு தீனி எடுக்கவில்லை என்றால் உடனே கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்குப் போடுங்கள். நோய் மாட்டைக் கடைசியில் கறங்கள்.

அந்த விளம்பரம் இன்னும் ஓடுகிறது, நம்பர் மட்டும் புதுசு.