வளைகுடா எண்ணெயா, ரஷ்ய எண்ணெயா?

தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் இந்தியா, 2022 உக்ரைன் போருக்குப் பின் கிடைத்த தள்ளுபடியால் ரஷ்யாவிடம் மிகுதியாக வாங்கத் தொடங்கியது. விலையை மட்டும் பார்த்தால் அது இலாபமே. ஆனால் அரபு நாடுகளுடனான உறவு பீப்பாய்க் கணக்கோடு முடிவதில்லை என்பதை, மகனைத் துபாய்க்கோ ரியாத்துக்கோ அனுப்பிவிட்டு மாதப் பணத்தை எதிர்பார்த்திருக்கும் மேல்விஷாரம், வாணியம்பாடி வீடுகள் நன்கறியும். வளைகுடாவில் ஏறத்தாழ 90 இலட்சம் இந்தியர் வாழ்கின்றனர். ரஷ்யாவில் நமக்கு அத்தகைய வேலைவாய்ப்பு இல்லை. மேலும், 2022 மே 1 முதல் நடைமுறையிலுள்ள அமீரக வணிக ஒப்பந்தம் ஆம்பூர்க் காலணிகளுக்கும் அங்கே வரிச்சலுகை தருகிறது (பெரிய சந்தை இன்றும் ஐரோப்பாதான்). வளைகுடா எண்ணெய்க் கப்பல்கள் கடந்துவரும் குறுகிய கடல்வழியான ஹோர்முஸ் நீரிணை அடைபட்டால் வளைகுடா வரத்து தடைபடும் என்பதால், ரஷ்ய எண்ணெயைத் துணையாக வைத்துக்கொள்வது சரியே.