மீட்கப்படாதவர்களின் முடிவு: நித்திய வேதனையா, அழிவா, எல்லாருக்கும் மீட்பா?

நியாயத்தீர்ப்புக்கு அப்புறம் மீட்கப்படாதவர்களுக்கு என்ன ஆகும்? ஒரே வேதாகமத்தைப் படித்துவிட்டுக் கிறிஸ்தவர்கள் மூன்று பதில் சொல்கிறார்கள். நான் வளர்ந்தது முதல் பதிலில். இப்போது நிற்பது இரண்டாவதில். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை.

முதல் பதில், முடிவில்லாத வேதனை. பழங்கால இறையியலாளர் அகஸ்டின் காலத்திலிருந்தே பெரும்பாலான சபைகள் நிற்கும் இடம் இதுதான். 'நித்திய ஆக்கினை' என்று பேசும் மத்தேயு 25:46 இதன் தூண். ஐசுவரியவான், லாசரு கதையையும் காட்டுவார்கள். ஆனால் அது வரும் லூக்கா 16-இல் ஐசுவரியவான் இருப்பது பாதாளத்தில். அவனுடைய ஐந்து சகோதரர்கள் இன்னும் பூமியில் உயிரோடு இருக்கிறார்கள். கடைசித் தீர்ப்பு அங்கே இன்னும் வரவில்லை.

இரண்டாவதைக் கடைசிக்கு வைக்கிறேன். மூன்றாவது பதில், கடைசியில் எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்பது. 3ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் ஓரிகன் இந்தப் பக்கம் சாய்ந்தவர். எல்லாம் தேவனோடு ஒப்புரவாவதைச் சொல்லும் கொலோசெயர் 1:20, கிறிஸ்துவுக்குள் எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவதைச் சொல்லும் 1 கொரிந்தியர் 15:22 இரண்டும் கைகொடுக்கின்றன. உண்மையாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தீர்ப்புக்குப் பிறகு தள்ளப்படும் அக்கினிக்கடலிலிருந்து ஒருவர் திரும்பி வந்ததாக நேரடியாகச் சொல்லும் வசனம் எனக்குக் கிடைக்கவில்லை. மீட்கப்பட்டவர்களின் நகரமான புது எருசலேமின் வாசல்கள் அடைக்கப்படுவதில்லை (வெளிப்படுத்தல் 21:25) என்ற ஒன்றை மட்டும் வைத்து அவ்வளவு தூரம் போக முடியவில்லை.

இரண்டாவது பதில், அழிவு: மீட்கப்படாதவர்கள் இல்லாமலே போய்விடுவார்கள். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையார் வெகுகாலமாகச் சொல்வது. ஆங்கிலிக்கன் சபைப் போதகரான ஜான் ஸ்டாட் 1988-இல் தயக்கத்தோடு இதன் பக்கம் எழுதியபோது பெரிய சலசலப்பு.

என்னை இழுத்தது ஒரே கேள்வி: சாவாமை யாருடைய சொத்து? முடிவில்லாமல் வேதனைப்பட முடிவில்லாமல் உயிரோடு இருக்கவேண்டுமே. அந்த உயிரைப் பாவிக்கு யார் கொடுத்தது? ஆதியாகமம் 3-இல் மனிதன் ஜீவவிருட்சத்தின் கனியைப் பறித்துத் தின்று என்றைக்கும் உயிரோடிருந்துவிடக் கூடாது என்றுதான் தோட்டத்தை விட்டே அனுப்பப்படுகிறான். வழியை மறிக்கக் கேருபீன்கள், சுடரொளிப் பட்டயம். 1 தீமோத்தேயு 6:16 சாவாமை தேவன் ஒருவருக்கே உரியது என்கிறது. ரோமர் 2:7-இல் அழியாமை என்பது நல்லவர்கள் தேடிப் பெறவேண்டிய ஒன்று. எல்லாருக்கும் பிறவியிலேயே இருந்தால் அதை ஏன் தேடவேண்டும்? ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவருக்குப் பயப்படுங்கள் என்று இயேசு சொல்வதை (மத்தேயு 10:28) இதோடு சேர்த்துப் படித்தால், 'அழிக்க' என்றால் அழிப்பதுதான்.

சரி, சாகாத புழு, அவியாத நெருப்பு? அவற்றைச் சொல்லும் மாற்கு 9:48 எடுத்தாள்வது ஏசாயா 66:24-ஐ. அங்கே ஜனங்கள் வெளியே போய்ப் பார்ப்பது பிரேதங்களை. துடிக்கிறவர்கள் யாரும் அங்கே இல்லை.

இடிக்கிற இடம் வெளிப்படுத்தல் 20:10. பிசாசும் மிருகமும் கள்ளத்தீர்க்கதரிசியும் இரவும் பகலும் சதாகாலமும் வாதிக்கப்படுவார்கள் என்று பச்சையாக இருக்கிறது. மனிதர்கள் தள்ளப்படும் 20:15-இல் அந்த வார்த்தைகள் இல்லை. அதற்கு முந்தின வசனம் அக்கினிக்கடலை இரண்டாம் மரணம் என்கிறது. ஆனாலும் கடல் ஒன்றுதானே என்று எதிர்த்தரப்பு கேட்டால், அந்தக் கேள்வியை முழுதாக மூடும் பதில் என்னிடம் இல்லை.