பின் கதவு நிற்காத அக்குவா: யாழ்ப்பாணத்தில் இரண்டு கராஜ்கள்

கொக்குவில் தாண்டிக் காங்கேசன்துறை வீதியில் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து, "டிக்கி திறந்து கிடக்கு, கதிரை விழப்போகுது!" என்று கத்தினார். மாமா காரை ஓரங்கட்டினார். இறங்கிப் பார்த்தால் பின் கதவு முழுதாக மேலே நிற்கிறது. அம்மாவின் மடக்குச் சக்கர நாற்காலி பாதி வெளியே தொங்குகிறது. போதனா வைத்தியசாலைக் கிளினிக்கிலிருந்து சுன்னாகத்துக்குத் திரும்பும் வழி அது. இன்னும் ஒரு பள்ளம் வந்திருந்தால் நாற்காலி அந்த மோட்டார் சைக்கிளின் முன் சில்லுக்குள் போயிருக்கும். அந்த மனிதருக்கு நன்றாக நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ரொறன்ரோவிலிருந்து ஐந்து கிழமை லீவில் வந்த எனக்கு அது நாலாம் நாள். மாமாவுக்கு விஷயம் புதிதில்லை. "ரெண்டு மாசமா இப்பிடித்தான் தம்பி. பலமா அடிச்சுச் சாத்தினா நிக்கும்" என்றார். கார் 2013ஆம் ஆண்டு டொயோட்டா அக்குவா, பெற்றோல் என்ஜினும் மின் மோட்டரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட். மாற்றினால் என்ன என்று நானும் கேட்டேன். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களின் விலையே எங்கேயோ போய்விட்டது. இருக்கிற காரைக் கவனமாக வைத்திருப்பதுதான் மாமாவைப் போன்ற ஓய்வூதியக்காரருக்கு வழி. ஆகவே திருத்த வேண்டும், அதுவும் அம்மாவின் அடுத்த கிளினிக்குக்கு முன்.

முதலில் போனது டவுனுக்குள் உள்ள ஒரு கராஜ். வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்ததும் கதிரை போட்டார்கள், சோடா தந்தார்கள். கதவை இரண்டு தரம் சாத்திப் பார்த்துவிட்டு, "லொக் பழுது, முழுசா மாத்த வேணும்" என்றார் பொறுப்பாளர். சாமான் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வரும், கூலியோடு 18,000 ரூபாய். ஏன் பழுது என்று கேட்டேன். பழைய வாகனம் அப்படித்தான் என்பதே பதில். அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். இரண்டு நாளில் மாற்றினார்கள். பழைய லொக்கைத் தாருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன், அது பிறகு உதவியது.

அடுத்த நாள் காலையில் முற்றத்தில் நின்ற காரின் டிக்கி தானாக ஒரு அங்குலம் திறந்திருந்தது. உள் விளக்கு இரவு முழுக்க எரிந்து, சின்னப் பெற்றறி இறங்கிக் காரே ஸ்டார்ட் வரவில்லை. கராஜுக்கு போன் எடுத்தால், "அது றிமோட்டில பிழை, வயரிங் முழுக்கப் பார்க்க வேணும்" என்றார்கள். லொக்கைத் திருப்பி எடுக்க முடியாதாம். போட்ட காசைப் பற்றிப் பேச்சே இல்லை.

மாமா நைலோன் கயிற்றை எடுத்துக் கதவைப் பம்பரோடு சேர்த்துக் கட்டினார். நான் விடவில்லை. ஊரில் டிக்கியைக் கயிற்றால் கட்டி ஓடுவதை எல்லோரும் சாதாரணமாக எடுக்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கார் ஓடும்போது அதன் பின்பக்கத்தில் காற்றழுத்தம் குறைகிறது. சைலன்சரால் வரும் புகை அங்கேயே சுழன்று, பின் கதவில் இடைவெளி இருந்தால் உள்ளே இழுபடும். அதில் உள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடியும் தூக்கமும் வரும், ஏன் என்று தெரியாது. கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுப் பின் சீற்றில் ஒரு வயதானவரை இருத்திக்கொண்டு போவது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். ஹைபிரிட்டிலும் என்ஜின் இடைக்கிடை வேலை செய்யத்தான் செய்கிறது. கட்டாயம் அப்படி ஓட வேண்டி வந்தால் முன் கண்ணாடிகள் நாலு விரலாவது இறங்கியிருக்கட்டும், ஏசியில் வெளிக்காற்று வரும்படி வையுங்கள், தூரப் பயணம் வேண்டாம்.

பக்கத்து வீட்டு ஓட்டோக்கார அண்ணைதான் கோண்டாவில் பக்கம் ஒரு கராஜைச் சொன்னார். பெயர்ப்பலகை இல்லை. ஒரு தகரக் கொட்டகை, வேப்பமரம், இரண்டு பெடியள், அறுபதைத் தாண்டிய ஒரு மெக்கானிக். போனவுடன் அவர் கதவைத் தொடவில்லை. முதலில் கேள்விதான்.

"எப்ப திறக்குது? ஓடேக்கையோ, நிக்கேக்கையோ?"

இரண்டும் என்றேன்.

"நிக்கேக்க திறந்த நேரம் கார் லொக் பண்ணிக் கிடந்ததோ?"

மாமா யோசித்தார். முற்றத்தில் நிற்கும்போது அவர் காரை லொக் பண்ணுவதேயில்லை. கடைத்தெருவில் லொக் பண்ணி விட்ட நேரம் ஒருநாளும் திறந்ததில்லை.

"அப்ப ரெண்டு வருத்தம் தம்பி. ஒண்டில்லை."

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். கதவு பிடிக்காமல் விடுவது ஒரு பிழை. பிடித்த கதவை ஏதோ ஒன்று திறந்துவிடுவது இன்னொரு பிழை. இரண்டையும் ஒன்றாக எடுத்தால் எந்தச் சாமானை மாற்றினாலும் தீராது.

பிறகு டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, கதவின் கீழ் விளிம்பில் உள்ள லொக்கின் கொக்கியை ஸ்குரூ டிரைவரால் மெல்லத் தள்ளினார். ஒரு 'டிக்', இன்னும் தள்ள இரண்டாவது 'டிக்'. முதலாவது அரைப் பூட்டு, இரண்டாவதுதான் முழுப் பூட்டு என்றார். கொக்கியைப் பிடித்துப் பலமாக இழுத்தார், வரவில்லை. டிக்கியைத் திறக்கும் சுவிச்சை அமத்தினார், மோட்டர் 'ஸ்ஸ்' என்று கொக்கியை விட்டது. லொக் நல்லது. பழையதைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அதையும் மேசையில் வைத்துத் தள்ளினார். இரண்டு டிக்கும் வந்தது, இழுத்தாலும் நின்றது. உள்ளே கிறீஸ் காய்ந்து செம்மண்ணோடு சேர்ந்து பசையாகியிருந்தது, அவ்வளவுதான். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவியிருந்தாலே போதும் என்றார். மாமாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. 18,000 ரூபாய் அவருக்குச் சின்னக் காசு அல்ல, நான் கொடுத்ததாக இருந்தாலும் அவருக்கு வலித்தது.

சரி, லொக் நல்லதென்றால் ஏன் பிடிக்கவில்லை? காரின் உடலில், கதவு வந்து சாத்தும் இடத்தில், லாடம் போல வளைந்த ஒரு தடித்த கம்பி இரண்டு போல்ட்டில் நிற்கும். கொக்கி போய்ப் பிடிப்பது அதைத்தான். அந்தக் கம்பியில் மெல்லிசாகக் கிறீஸ் பூசி, கதவை ஒரு தரம் சாத்தித் திறந்தார். கொக்கியின் வாயில் இடது பக்கத்தில் மட்டும் கிறீஸ் அடையாளம். நடுவில் இல்லை. "பின்னுக்கு எப்பவாவது அடிபட்டதோ?" என்று மாமாவைப் பார்த்தார். போன வருடம் ஒரு ஓட்டோ தட்டி, டிங்கரிங் செய்திருந்தார்கள். வெளியே பெயின்ற் அச்சொட்டாக இருந்தது. ஆனால் கம்பி ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் விலகி நின்றது. அதோடு கதவைச் சுற்றிப் புதிதாகப் போட்ட றப்பர் பழையதை விடத் தடிப்பு. இரண்டு மூலையிலும் கதவைத் தாங்கும் றப்பர் குமிழ்களும் அளவுக்கு மிஞ்சி வெளியே திருகியிருந்தன. எல்லாம் சேர்ந்து கதவை வெளியே தள்ள, கொக்கி முதல் டிக்கோடு நின்றுவிடுகிறது. பள்ளத்தில் குலுங்கும்போது அதுவும் கழன்றுவிடும். மாமா பலமாக அடித்துச் சாத்தினால் சில வேளை இரண்டாவது டிக் வரும், அதனால்தான் அவருக்கு அது பழக்கமாகிவிட்டது.

திருத்திய விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கம்பியின் இரண்டு போல்ட்டையும் முழுதாகக் கழற்றாமல், கையால் தள்ளினால் அசையும் அளவுக்குத் தளர்த்தினார். கதவை மெதுவாகச் சாத்தினார். கொக்கி தானே கம்பியை நடுவுக்கு இழுத்துக்கொண்டது. பிறகு பெடியனை உள்ளே ஏறச் சொல்லி, கதவு சாத்தியபடி இருக்கவே ஒரு போல்ட்டை இறுக்கச் செய்தார். திறந்த பின் மற்றதையும் இறுக்கினார். றப்பர் குமிழ்களை அரைச் சுற்று அரைச் சுற்றாக உள்ளே திருகி, ஒவ்வொரு தரமும் சாத்திப் பார்த்தார். கடைசியில் கலண்டர் தாளைக் கீலம் கீலமாகக் கிழித்து, கதவுக்கும் றப்பருக்கும் இடையில் வைத்துச் சாத்தி, ஒவ்வொன்றாக இழுத்தார். எல்லா இடத்திலும் ஒரே இறுக்கம் வேண்டும், ஓரிடத்தில் தாள் சும்மா வந்தால் அங்கே புகையும் மழைத்தண்ணியும் வரும் என்று அந்தப் பெடியனுக்குச் சொல்லிக்கொண்டே செய்தார். அந்தப் பொறுமை எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. கனடாவில் நான் காரை விட்டுவிட்டு வந்தால் கண்ணாடிக்கு அப்பால் யார் என்ன செய்கிறார் என்றே தெரியாது.

இரண்டாவது வருத்தம், தானாகத் திறப்பது. அக்குவாவில் டிக்கியைத் திறப்பது இழுக்கும் கேபிளால் அல்ல, நம்பர் பிளேட்டுக்கு மேலே றப்பர் மூடிய மின் சுவிச்சால். அந்த றப்பர் வெயிலில் வெடித்திருந்தது. உள்ளே ஈரமும் பச்சையாகக் களிம்பும். ஈரம் பட்டால் யாரோ விரலால் அமத்தியது போலச் சுவிச் சைகை கொடுக்கும். கார் லொக்கில் இருந்தால் அந்தச் சைகையால் ஒன்றும் நடக்காது, லொக் இல்லாவிட்டால் கதவு திறந்துவிடும். அவர் முதலில் கேட்ட கேள்வியின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாமா காரைக் கழுவிய நாட்களில்தான் அது திறந்தது என்பதும் பிறகு ஞாபகம் வந்தது.

சுவிச்சின் பிளக்கைக் கழற்றிவிட்டு, "ரெண்டு நாள் இப்பிடியே ஓடுங்கோ. திறக்காட்டி இதுதான் பிழை. பாக்காமல் சாமான் வாங்கவேண்டாம்" என்றார். அந்த இரண்டு நாளும் டிக்கியைத் திறக்க வழியும் காட்டினார். உள்ளே போய், கதவின் உட்பக்கத் தட்டில் உள்ள சின்ன மூடியை எடுத்து, லீவரை ஸ்குரூ டிரைவரால் தள்ள வேண்டும். இரண்டு இரவும் கதவு அசையவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் அவருக்குத் தெரிந்த கடையிலிருந்து நல்ல நிலையில் உள்ள பழைய சுவிச் ஒன்று பஸ்ஸில் வந்தது, 4,500 ரூபாய். கூலி எல்லா வேலைக்கும் சேர்த்து 3,000. கூட வைத்தேன், வாங்கவில்லை. "பெடியளுக்கு வேணுமெண்டா ரீ வாங்கிக் குடுங்கோ" என்றார்.

குறையும் சொல்ல வேண்டும். அங்கே பில் கிடையாது, கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார். போன் எடுத்தால் பெரும்பாலும் பதில் இல்லை, நேரில்தான் போக வேண்டும். குறுகிய லீவில் வருபவருக்கு அது கஷ்டம். டவுன் கராஜில் பில் கிடைத்தது, நேரத்துக்கு வேலையும் முடிந்தது. ஆனால் கதவு நிற்கவில்லை.

ஊருக்குப் போய் இப்படி ஏதும் வந்தால், கராஜுக்குப் போகும் முன் டிக்கியைத் திறந்து வைத்து அந்த இரண்டு டிக்கையும் நீங்களே கேளுங்கள். கொக்கி நின்றால், லொக் மாற்ற வேண்டும் என்பவரிடம் காரணம் கேளுங்கள். நிற்காவிட்டால் முதலில் கழுவச் சொல்லுங்கள். சோதித்து முடிந்ததும் சுவிச்சை அமத்திக் கொக்கியை விடுவியுங்கள், மறந்து கதவைச் சாத்தினால் கம்பியில் அடிபட்டு லொக் உண்மையாகவே உடைந்துவிடும்.

பழைய லொக்கை அந்த மெக்கானிக்கிடமே விட்டுவிட்டு வந்தேன், பெடியளுக்குக் காட்டிப் பழக்கலாம் என்று கேட்டார். அதன்பின் அம்மாவைக் கிளினிக்குக்கு மூன்று தரம் கூட்டிக்கொண்டு போனோம். நான் திரும்பி வந்த பிறகு ஐப்பசி மழை தொடங்கியதும் மாமாவுக்குப் போன் எடுத்துச் சுவிச்சைப் பார்க்கச் சொன்னேன். றப்பருக்குள் ஈரம் இல்லை, கதவும் மெல்லச் சாத்தினாலே நிற்குது என்றார்.