ஃபேன் கண்டென்சர் 2.5 எம்எஃப்டி: புது ஃபேன் வாங்கும் முன் இதை மாற்றிப் பாருங்கள்

சீலிங் ஃபேன் ஐந்தாம் நம்பரில் வைத்தும் ஆமை வேகத்தில் சுற்றுகிறதா? பெரும்பாலும் மேல் கப்புக்குள் இருக்கும் கண்டென்சர் (கெப்பாசிட்டர் என்பதும் இதுதான்) தேய்ந்திருக்கும். எலக்ட்ரிகல் கடையில் விலை 40 முதல் 80 ரூபாய்க்குள்.

உள்ளே இருப்பது மெல்லிய உலோகம் பூசிய பாலிபுரொப்பிலீன் ஃபிலிம். கரண்ட் ஏறி இறங்கும்போது ஃபிலிமில் ஊசிமுனை அளவு இடங்கள் எரிந்து, அங்கே தானாகவே அடைபட்டுக்கொள்ளும். அதனால் கண்டென்சர் ஒரேயடியாகச் சாகாது, மதிப்புதான் குறைந்துகொண்டே வரும். ஃபேனும் அதே போல வருடக்கணக்கில் மெதுவாகிக்கொண்டே போகும், வீட்டில் யாருக்கும் உறைக்காது.

வாங்கும் முன் சோதனை. ஐந்தில் சரியாக ஓடி, இரண்டு மூன்றில் மட்டும் மக்கர் செய்தால் ரெகுலேட்டரைப் பாருங்கள். உறுமல் சத்தம் மட்டும் வந்து, குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டால் தள்ளிய பக்கமே சுற்ற ஆரம்பித்தால் பெரும்பாலும் கண்டென்சர்தான். கரண்ட்டை நிறுத்திவிட்டுக் கையால் சுற்றும்போதே இறுக்கமாக இருந்தால் பேரிங் போயிருக்கிறது. அதற்குக் கண்டென்சர் மாற்றிப் பயனில்லை.

கடையில் மூன்றைப் பாருங்கள்: 2.5 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட், மின்சாரத்தைத் தேக்கும் திறனின் அளவு), 440 வோல்ட் ஏசி, ஐஎஸ் 2993 என்ற இந்தியத் தர முத்திரை. வீட்டுக்கு வருவது 230 வோல்ட்தானே என்று 250 வோல்ட் சரக்கை வாங்க வேண்டாம். ஓடும் மோட்டாரில் கண்டென்சரின் இரு முனைகளுக்கிடையே லைன் வோல்டேஜைவிட அதிகமாகவே ஏறும். ±5 சதவீதம் என்று போட்டிருந்தால் மீட்டரில் 2.38 முதல் 2.62 வரை காட்ட வேண்டும். பேர் தெரியாத 20 ரூபாய் சரக்கில் இந்த அளவை எதிர்பார்க்க முடியாது. கண்டென்சர் சோதிக்கும் மல்டிமீட்டர் கடைக்காரரிடம் இருந்தால் அங்கேயே வைத்துப் பார்த்துவிடுங்கள்.

"3.15 போடுங்க, பறக்கும்" என்று சிலர் சொல்வார்கள். பழையதில் 3.15 என்று அச்சிட்டிருந்தால் மட்டும் அதைப் போடலாம். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கில் (கண்டென்சரோடு இணைந்த கம்பிச் சுருளில்) கூடுதல் கரண்ட் பாய்ந்து மோட்டார் சூடாகும். பிறகு ரீவைண்டிங் செலவு பல நூறு ரூபாய்.

மாட்டுவது கால் மணி நேர வேலை. மெயினையே ஆஃப் செய்யுங்கள். சுவிட்சை நியூட்ரலில் கொடுத்திருக்கும் வீடுகள் உண்டு, அங்கே சுவிட்சை அணைத்தாலும் ஃபேனில் கரண்ட் இருக்கும். கப்பை இறக்கி, பழையதன் இரு முனைகளையும் பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்க்ரூ டிரைவரால் ஒரே நேரத்தில் தொட்டு, தேங்கிய மின்சாரத்தைப் போக்குங்கள். கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ. கண்டென்சரின் இரு வயர்களுக்குள் பிளஸ் மைனஸ் கிடையாது, மாறினாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் கனெக்டரில் பழையது இருந்த அதே இரண்டு துளைகளில்தான் மாட்ட வேண்டும். சப்ளை வயர் இடம் மாறினால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றி, காற்று கீழே வராது. வயரை 8 மில்லிமீட்டர் சீவி, பிரிகளை முறுக்கி இறுக்குங்கள். லூசாக விட்டால் கனெக்டரே கருகும்.

பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சாமான் தேவைப்படாது. அதில் இருப்பது எலக்ட்ரானிக் போர்டு, பழுதானால் செலவும் வேறு கணக்கு.